மான் தின்ற அத்தியாயம்

ஒதீல் கையுறைக் கடையில் கணக்கு எழுதுகிறாள்.
நூற்று நாற்பது பக்கமாக அதே கடை, அதே மழை,
அதே கணவன் தொண்டையைச் செருமிச் செருமி
சூப் குடிக்கிறான்.

கோணேசபுரியில் மழை பெய்து நாலு மாதம்.
வகுப்பில் மின்விசிறி இரண்டு. ஒன்று சுற்றும்.
"கையுறை எண்டா எங்களுக்குத் தெரிஞ்சது
ஐஸ் கொம்பனியில மீன் அள்ளுறவங்கள் போடுற
நீல றப்பர்தான் மிஸ்,"
சல்லிப் பவித்திரன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.
மிஸ் சிரிக்கவில்லை.
அங்கிருந்தே தொடங்குங்கள் என்றார்.

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம்,
அதிலிருந்து எங்கள் தலைக்குள் ஒரு திருகோணமலைத் தமிழ்.
வள்ளம் மாறி வள்ளம் மாறி வந்த சாமான்.
எது நனைந்தது, எது கடலில் விழுந்தது,
ஆருக்குத் தெரியும்?
ஒதீலுக்குப் பின்னேரங்களில் வருகிற
அந்த ஒரு சொல்லுக்கு அரை மணித்தியாலம் சண்டை.
அலுப்பு என்றாள் சுகிர்தா.
பஞ்சி என்றான் பருத்தித்துறைப் பெடியன்.
பஞ்சி என்றால் பாயில் கிடக்கலாமே,
இவள் எழும்பி எழும்பி ஜன்னலுக்கல்லவா போகிறாள்
என்றேன் நான்.
கடைசியில் பலகையில் அதை அப்படியே விட்டோம்,
வலையில் வந்த பெயர் தெரியாத மீனாக.

பதினொரு பேருக்கு ஒரு புத்தகம்.
என் முறை வெள்ளிக்கிழமை.
கோட்டைக்குள் ஒரு மரத்து வேரில் இருந்து வாசித்தேன்
(பிரெஞ்சுக் கப்பல்கள் ஒருமுறை பிடித்து
கொஞ்சக் காலம் வைத்திருந்து
விட்டுப்போன கோட்டைதான்).
ஒதீல் மேசை லாச்சியை இழுக்கிறாள். உள்ளே

போன் அடித்தது. உம்மா.
"எத்தின மணி பஸ்ஸுக்கு வாறாய்?"
எழும்பிப் பத்தடி நடந்து ஒரு பொய் சொன்னேன்.
திரும்பினால்
புத்தகத்தின்மேல் குனிந்து நிற்கிறது புள்ளிமான்.
கொத்துரொட்டி சுற்றிய தாளைத் தின்று பழகிய வாய்.
அவசரமே இல்லை.
நான் கத்தியதும் ஒருதரம் பார்த்தது,
உதட்டோரம் ஒரு மூலை தொங்க
மென்றபடி போனது.
இருநூற்றுப் பதினொன்றிலிருந்து
இருநூற்று இருபத்தாறு வரை.

இருநூற்று இருபத்தேழில் ஒதீல் ரயிலில் இருக்கிறாள்.
கையில் கையுறை இல்லை.
கணவனின் பெயர் அதற்குப் பிறகு வரவே இல்லை.

லாச்சிக்குள் என்ன?
காசு. கடிதம். யாரோ ஒருத்தியின் தோடு.
விசா என்றான் பருத்தித்துறைப் பெடியன்;
அந்தக் காலத்தில் ஏதடா விசா!
வருடம் முழுக்க வாய் திறக்காத தனுஜன்
வெறும் லாச்சியைப் பார்த்தும் வெளிக்கிடலாம் என்றான்.
அதற்கு ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.
அந்தப் பதினாறு பக்கத்தை நீங்களே எழுதி வாருங்கள்,
மதிப்பெண் உண்டு என்றார் மிஸ்.
நான் ஒன்பது பக்கம் எழுதினேன்.
கடைசிவரை லாச்சியைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு
பவித்திரனின் மச்சான் பாரிஸிலிருந்து படம் அனுப்பினான்.
எட்டுப் படம், பதினாறு பக்கம், அசல் பிரெஞ்சு.
பதினொரு தலை ஒரு போனுக்கு மேலே.
எழுத்துக்களின் உச்சியில் சாய்ந்து சாய்ந்து
சின்னச் சின்னக் கோடுகள்.
எங்களுக்கு ஒதீல் என்ற பெயர் மட்டும் தெரிந்தது,
ஐந்து இடத்தில்.

பிறகு அவனுடைய குரல் வந்தது:
"மச்சான், பன்ரண்டு வரியமா இஞ்ச கோப்பை கழுவுறன்,
ஒரு நாவல் வாசிச்சது இதான் முதல்தரம்.
லாச்சியப் பற்றிப் பெருசா ஒண்டுமில்லையடா.
இழுக்கிறா, மூடுறா, அவ்வளவுதான்.
பிறகு முழுக்க இரவுச் சாப்பாட்டுக் கோப்பையள்
கழுவுறா.
பதினஞ்சு பக்கம்! எழுதினவன் கழுவியிருக்கிறான் போல.
தண்ணி ஆற ஆற, கொழுப்பு விரலில உறையிறதைக் கூட
விடேல்ல.
கடைசிப் பீங்கானைத் துடைச்சுக் கவிழ்த்து வைக்கிறா.
சரி, நான் உள்ள போகோணும்."

மிஸ் தன் புத்தகத்தில் எதையோ எழுதத் தொடங்கினார்,
பிறகு பேனையை மூடினார்.
தனுஜன் இன்னொருதரம் போடச் சொன்னான்.
இரண்டாம் முறைதான் கேட்டது,
அவன் குரலுக்குப் பின்னால்
திறந்தபடி ஒரு குழாய்,
ஒன்றின்மேல் ஒன்றாகப் பீங்கான்கள்.